குளிர்ந்த சாராயத்தில் திரளும் வெண்ணூல்

விரல் நீளமுள்ள ஒரு பிளாஸ்டிக் குழாய். அடியில் தெளிந்த நீர்க்கரைசல். அதன்மேல், உறைபெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்து ஊற்றிய எத்தனால். இரண்டும் இன்னும் கலக்கவில்லை. குழாயின் மூடியை இறுக்கி, அவசரப்படாமல் ஒரு முறை தலைகீழாகச் சாய்த்து நிமிர்த்துகிறோம். இரு திரவங்களும் சந்திக்கும் இடத்தில், கண்ணாடியில் மூச்சுக்காற்று படிந்ததுபோல ஒரு மங்கல். இன்னொரு முறை சாய்த்தால் மங்கல் இழையாகிறது. ஐந்தாறு முறைக்குள், பிரித்துப்போட்ட பஞ்சுபோல ஒரு வெண்ணூல் கற்றை குழாயின் நடுவே மிதக்கிறது.

அதுதான் டி.என்.ஏ. இதை முதன்முதலில் பார்த்த அன்று, குழாயை ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தபடி வெகுநேரம் நின்றிருந்தேன். டி.என்.ஏ. இழையின் அகலம் இரண்டு நானோமீட்டர். சாதாரண நுண்ணோக்கியில்கூடத் தனியிழை தெரியாது. அப்படிப்பட்ட ஒன்று கண்ணெதிரே எப்படி நிற்கிறது? பல கோடி இழைகள் ஒன்றோடொன்று சுருண்டு சேர்ந்துகொண்டதால்தான். தூரத்திலிருந்து ஒரு தலைமுடி தெரியாது, கூந்தல் தெரியும் அல்லவா, அதுபோல.

இந்தக் குழாயில் இருப்பது, ஆய்வுக்கூடத்தில் வளரும் ஹீலா என்ற மனிதச் செல்கள் ஏறத்தாழ ஒரு கோடியின் டி.என்.ஏ. என்று வைத்துக்கொள்வோம். இயல்பான மனித உடற்செல் ஒன்றில் 46 குரோமோசோம்கள், அவற்றின் டி.என்.ஏ.வை நீட்டி வைத்தால் இரண்டு மீட்டர், எடை சுமார் 6.5 பிகோகிராம். ஒரு கிராமின் லட்சம் கோடியில் ஒரு பங்குதான் ஒரு பிகோகிராம். ஹீலா புற்றுநோய்ச் செல் என்பதால் அதில் குரோமோசோம்கள் கூடுதல், எண்பதை ஒட்டி வரும். ஆகவே செல்லுக்குப் பத்து பிகோகிராம், மூன்று மீட்டர் என்று கணக்கிடலாம். ஒரு கோடி செல்லுக்கு நூறு மைக்ரோகிராம். ஒரு கிராமைப் பத்தாயிரம் பங்காக்கினால் அதில் ஒரு பங்கு, ஒன்றிரண்டு பொடியுப்புப் பரல்களின் எடை. ஆனால் அத்தனை இழைகளையும் முனையோடு முனை வைத்தால் முப்பதாயிரம் கிலோமீட்டர். பூமத்திய ரேகையின் முக்கால் சுற்று.

மரபணு ஆய்வு என்றதும் கோடிக்கணக்கான எழுத்துகளைப் படிக்கும் இயந்திரங்களும் நோய்க்குக் காரணமான பிழையைக் கண்டுபிடித்த செய்திகளும்தான் பேசப்படுகின்றன. செல்லிலிருந்து டி.என்.ஏ.வைப் பிரிப்பதும் அளப்பதும் புதிதாகச் சேர்ந்த மாணவரிடம் ஒப்படைக்கும் ஆரம்ப வேலையாகவே கருதப்படுகிறது. அது சரியல்ல என்பது என் கருத்து. டி.என்.ஏ. பற்றி நாம் அறிந்த பெரிய உண்மைகள் பலவும், யாரோ ஒருவர் மற்றவர்களைவிடச் சுத்தமாகப் பிரித்ததால், அல்லது மற்றவர்களைவிடக் கவனமாக அளந்ததால் வந்தவை.

செல்கள் வளரும் குப்பியிலிருந்து தொடங்குவோம். உள்ளங்கையளவு பிளாஸ்டிக் குப்பி, படுக்கவைத்தால் 75 சதுர சென்டிமீட்டர் தரை. உள்ளே இளஞ்சிவப்பு ஊட்டநீர். ஹீலா செல்கள் அந்தத் தரையில் ஒட்டிக்கொண்டு, 37 டிகிரி வெப்பத்தில், கிட்டத்தட்ட நாளுக்கு ஒருமுறை இரட்டிப்பாகின்றன. கழிவு சேரச் சேர ஊட்டநீர் மஞ்சளாக மாறும். தரை நிறைந்ததும் ஊட்டநீரைக் கொட்டிவிட்டு, உப்புக்கரைசலால் அலசி, டிரிப்சின் என்ற நொதியை ஊற்றினால் சில நிமிடங்களில் செல்கள் பிடியை விட்டு மிதக்கும். மையவிலக்கியில் சுழற்றினால் குழாயின் அடியில் வெள்ளைப் பொட்டாகப் படியும். அந்தப் பொட்டுதான் ஒரு கோடி செல்.

இனி இதிலிருந்து டி.என்.ஏ. அல்லாத எல்லாவற்றையும் அகற்ற வேண்டும். செல்லின் உறையும் உட்கருவின் உறையும் கொழுப்பால் ஆனவை. எண்ணெய்ப் பாத்திரத்தை எது கழுவுமோ அதுவே இதையும் கழுவும். எஸ்.டி.எஸ். என்ற சலவைப்பொருள் கலந்த கரைசலை விட்டதும் உறைகள் கரைகின்றன. மறுகணம் குழாய்க்குள் ஒரு மாற்றம்: தண்ணீர்போல இருந்தது கஞ்சியாகிறது, முட்டை வெள்ளைக்கருபோல இழுபடுகிறது. உட்கருவுக்குள் புரத உருளைகளில் சுற்றி மடித்து வைத்திருந்த மீட்டர்கணக்கான இழைகள் அவிழ்ந்துவிட்டதன் அடையாளம் அந்தக் கொழகொழப்பு. அது வரவில்லையென்றால் மேற்கொண்டு செய்வதில் பயனில்லை.

அதே நேரத்தில் ஆபத்தும் அவிழ்கிறது. டி.என்.ஏ.வை வெட்டும் நொதிகள் செல்லுக்குள்ளேயே உண்டு. அவை வேலை செய்ய மக்னீசியம் வேண்டும். ஆகவே கரைசலில் ஈ.டி.டி.ஏ. என்ற பொருளை முன்கூட்டியே சேர்த்திருப்பார்கள். அது மக்னீசியத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும், கத்திகள் செயலிழக்கும்.

அடுத்தது புரதம். இங்கே 1869-ம் ஆண்டுக்கு ஒருமுறை போய்வர வேண்டும்.

தென்ஜெர்மனியில் ட்யூபிங்கன் நகரம். குன்றின்மேல் பழைய கோட்டை. அதன் சமையற்கூடத்தைப் பல்கலைக்கழகம் வேதியியல் ஆய்வுக்கூடமாக மாற்றியிருந்தது. ரத்தத்தின் சிவப்புப் பொருளுக்கு ஹீமோகுளோபின் என்று பெயர் வைத்த ஃபெலிக்ஸ் ஹோப்பே-சைலர்தான் தலைவர். அவரிடம் சுவிட்சர்லாந்திலிருந்து வந்து சேர்ந்தவர் ஃபிரெடரிக் மீஷர், வயது 24. மருத்துவம் படித்தவர், காது சரியாகக் கேட்காததால் நோயாளிகளைப் பார்ப்பதைவிட ஆய்வே மேல் என்று வந்தவர். செல் எந்தப் பொருள்களால் ஆனது என்பதே அவருடைய கேள்வி.

அப்போது செல் வளர்ப்பு என்ற கலை பிறக்கவில்லை. ஒரே வகைச் செல்கள் நிறைய வேண்டுமென்றால் எங்கே போவது? மீஷர் அறுவை மருத்துவமனைக்குப் போனார். புண்களைக் கட்டிய துணிகளில் ஊறியிருந்த சீழ், வெள்ளையணுக்களின் திரள் என்பது அவருக்குத் தெரியும். கெட்டு நாறியதைத் தள்ளிவிட்டு, புதியதை மட்டும் பொறுக்கி, சோடியம் சல்பேட் கரைசலில் அலசிச் செல்களைப் பிரித்தார். பன்றியின் இரைப்பையிலிருந்து தானே எடுத்த பெப்சின் என்ற செரிமான நொதியால் புரதத்தைக் கரைத்தார். எஞ்சியது உட்கரு. அதற்குள்ளிருந்து, காரத்தில் கரைந்து அமிலத்தில் மீண்டும் படியும் ஒரு வெண்பொருள் கிடைத்தது. பெப்சினுக்கு அது கரையவில்லை. எரித்துப் பார்த்தால் பாஸ்பரஸ் அபரிமிதம். புரதம் எதுவும் அப்படி இருந்ததில்லை. உட்கருவில் கிடைத்தது என்ற பொருளில் அதற்கு நியூக்ளின் என்று பெயரிட்டார்.

ஹோப்பே-சைலர் உடனே நம்பவில்லை. மாணவரின் சோதனைகளைத் தானே ஒருமுறை செய்து பார்த்துச் சரியென்று கண்ட பிறகே, 1871-ல் கட்டுரையை வெளியிட்டார். இரண்டு ஆண்டு தாமதம். மீஷருக்கு அது எவ்வளவு கசந்திருக்கும் என்று நினைத்தாலும், அந்த ஆசிரியர் செய்ததே சரி என்றுதான் எனக்குப் படுகிறது. புதிய பொருள் என்று ஒருவர் சொன்னால், அதில் பழைய பொருளின் மிச்சம் ஒட்டியிருக்கிறதா என்று பார்ப்பதே முதல் கடமை.

இன்று பன்றியின் இரைப்பை தேவையில்லை. புரோட்டினேஸ் கே என்ற நொதி இருக்கிறது. 1974-ல் ஒரு பூஞ்சையிலிருந்து பிரித்தார்கள். தலைமுடியும் நகமும் எதனால் ஆனதோ அந்தக் கெரட்டினையே கரைக்க வல்லது. பெயரில் உள்ள 'கே' அதைக் குறிப்பதுதான். சலவைப்பொருளில் மற்ற நொதிகள் முடங்கிவிடும், இதுவோ அதிலும் சளைக்காமல் வேலை செய்யும். 55 டிகிரி சூட்டில் சில மணிநேரம், முடிந்தால் ஓர் இரவு வைத்தால், டி.என்.ஏ. சுற்றிக்கொண்டிருந்த புரதங்கள் துண்டுதுண்டாகிவிடும்.

பிறகு பழைய முறையில் ஃபீனாலும் குளோரோஃபார்மும். இரண்டும் கொடியவை, ஃபீனால் தோலில் பட்டால் புண்ணாக்கும், அதோடு மரத்துப்போகவும் செய்வதால் பட்டதே சிலசமயம் தெரியாது. கரைசலோடு கலந்து சுழற்றினால் குழாயில் மூன்று அடுக்கு உண்டாகும். கீழே ஃபீனாலும் குளோரோஃபார்மும், நடுவே வெள்ளையாகப் புரத ஏடு, மேலே டி.என்.ஏ. கரைந்த நீர். ஏடு கலையாமல் மேல்நீரை மட்டும் எடுப்பதில்தான் கைப்பழக்கம் தெரியும். கடைசித் துளிக்கு ஆசைப்பட்டால் ஏடும் சேர்ந்து வந்துவிடும்.

அந்த மேல்நீரில் உப்பு சேர்த்து, இரண்டு மடங்குக்குமேல் குளிர்ந்த எத்தனால் ஊற்றும்போதுதான் தொடக்கத்தில் சொன்ன காட்சி. டி.என்.ஏ.யின் முதுகெலும்பு நெடுகப் பாஸ்பேட்டுகள், ஒவ்வொன்றிலும் எதிர்மின்னேற்றம். இழைகள் ஒன்றையொன்று தள்ளுகின்றன. தண்ணீர் அவற்றைச் சூழ்ந்து தாங்குகிறது. உப்பின் சோடியம் அந்த மின்னேற்றத்தை ஈடுகட்ட வருகிறது. நீர் நடுவில் இருக்கும்வரை இரண்டும் நெருங்கிப் பிணைய முடியாது. சாராயம் வந்து நீரின் பிடியைத் தளர்த்தியதும் சோடியமும் பாஸ்பேட்டும் சேர்கின்றன. தள்ளுவதற்குக் காரணம் போய்விட, இழைகள் திரள்கின்றன.

இப்போது பெரும்பாலான கூடங்களில் இந்தச் சடங்கு இல்லை. குவானிடின் என்ற உப்பு செறிந்த கரைசலில் டி.என்.ஏ. சிலிக்காவோடு, அதாவது கண்ணாடியின் மூலப்பொருளோடு, ஒட்டிக்கொள்ளும். உப்பைக் கழுவிவிட்டுத் தாங்கல்கரைசலை விட்டால் இறங்கி வந்துவிடும். 1990-ல் நெதர்லாந்தின் வில்லெம் பூம் குழுவினர் இதை எளிய முறையாக்கினர். சின்ன வடிகட்டிக் குழாய், அரைமணி நேரம், வேலை முடிந்தது. வசதிதான், மறுக்கவில்லை. ஆனால் அந்த வடிகட்டி வழியே சுழன்று வரும் டி.என்.ஏ. நறுக்கிய டி.என்.ஏ. மனிதனின் முதலாம் குரோமோசோமில் உள்ள இழை ஒரே துண்டாக எட்டு சென்டிமீட்டருக்கு மேல் நீளம். அந்த நீளத்துக்கு இரண்டு நானோமீட்டர் அகலமென்றால், பிப்பெட்டின் குறுகிய முனையில் வேகமாக உறிஞ்சினாலே அறுந்துபோகும். அதனால்தான் நீண்ட இழை வேண்டுவோர் முனையை வெட்டி அகலமாக்கிக்கொள்கிறார்கள், குழாயைக் குலுக்காமல் சாய்த்துச் சாய்த்தே கலக்குகிறார்கள்.

இந்த மென்மை வரலாற்றை மாற்றியிருக்கிறது. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகரில் ருடால்ஃப் சிக்னர் என்ற வேதியியலாளர், கன்றுக்குட்டியின் தைமஸ் சுரப்பியிலிருந்து இழை அறாமல் டி.என்.ஏ. எடுப்பதில் தேர்ந்தவர். 1950 மே மாதம் லண்டனில் நடந்த ஒரு கூட்டத்துக்குக் கொஞ்சம் எடுத்துவந்து, வேண்டுவோர் வாங்கிக்கொள்ளலாம் என்று கொடுத்துவிட்டார். வாங்கியவர்களில் ஒருவர் கிங்ஸ் கல்லூரியின் மாரிஸ் வில்கின்ஸ். ஈரமான அந்தப் பொருளைக் கண்ணாடிக் கம்பியால் தொட்டுத் தூக்கியபோது, சிலந்தி நூல்போல மெல்லிய இழை கூடவே நீண்டு வந்தது. அந்த இழைகளைக் கட்டாக்கி எக்ஸ்கதிர் படமெடுத்தார்கள். 1952-ல் ரோசாலிண்ட் ஃபிராங்க்ளினும் ரேமண்ட் காஸ்லிங்கும் எடுத்த புகழ்பெற்ற 51-ம் எண் படம் சிக்னரின் டி.என்.ஏ.விலிருந்து வந்ததுதான். அடுத்த ஆண்டு வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ. ஓர் இரட்டைச் சுருள் என்று உலகுக்குச் சொன்னார்கள். வாட்சனையும் கிரிக்கையும் தெரிந்தவர்களில் எத்தனை பேருக்குச் சிக்னரைத் தெரியும்?

இனி அளவு. வெண்ணூலைச் சாராயத்தில் அலசி, லேசாக உலர்த்தி, முந்நூறு மைக்ரோலிட்டர் தாங்கல்கரைசலில் கரைத்தாயிற்று. அதிகம் உலர்த்தினால் எளிதில் கரையாது, கவனம். இப்போது குழாயில் எதுவும் தெரியாது, வெறும் தண்ணீர்போல இருக்கும். எவ்வளவு இருக்கிறது என்று எப்படி அறிவது?

புறஊதா ஒளியால். அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்ற டி.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளும் வளைய அமைப்புடையவை. 260 நானோமீட்டர் அலைநீள ஒளியை விரும்பி உறிஞ்சுகின்றன. ஒரு சென்டிமீட்டர் தடிப்புள்ள கரைசல் வழியே அந்த ஒளியை அனுப்பி, எவ்வளவு குறைந்து வெளிவருகிறது என்று பார்த்தால் போதும். உறிஞ்சல் 1 என்று கருவி காட்டினால், மில்லிலிட்டருக்கு 50 மைக்ரோகிராம் இரட்டை இழை டி.என்.ஏ. இருக்கிறது. நம் கரைசலைப் பத்து மடங்கு நீர்த்து அளந்து 0.6 வந்ததாகக் கொள்வோம். 0.6 பெருக்கல் 50 பெருக்கல் 10, மில்லிலிட்டருக்கு 300 மைக்ரோகிராம். நம்மிடம் இருப்பது 0.3 மில்லிலிட்டர், ஆக 90 மைக்ரோகிராம். ஒரு கோடி செல்லுக்கு நூறு வரவேண்டும் என்று முன்பே கணக்கிட்டோம். தொண்ணூறு வந்திருப்பது நல்ல அறுவடை. இந்தக் கணக்கை முன்கூட்டியே போட்டு வைப்பவர்களுக்கு, முந்நூறு வந்தால் மகிழ்ச்சி வராது, சந்தேகம் வரும்.

அந்தச் சந்தேகத்தை நான் கற்றது பட்டபின்தான். மாணவனாக இருந்தபோது ஒருமுறை எதிர்பார்த்ததைவிட மூன்று மடங்கு விளைச்சல் காட்டியது கருவி. பெருமையோடு ஏட்டில் எழுதினேன். அடுத்த நாள் அந்த டி.என்.ஏ.வை வைத்துச் செய்த சோதனை ஒன்றும் ஓடவில்லை. காரணம் எளியது: டி.என்.ஏ.யின் உறவுப்பொருளான ஆர்.என்.ஏ.தான். நொதியை விட்டு அதைக் கரைக்கும் படியை நான் தாவியிருந்தேன். ஆர்.என்.ஏ.யும் அதே 260-ல்தான் ஒளியை உறிஞ்சும். வளரும் செல்லில் டி.என்.ஏ.வைவிட ஆர்.என்.ஏ. பல மடங்கு உண்டு. கருவி பொய் சொல்லவில்லை. நான் கேட்ட கேள்வி தவறு.

சுத்தத்தை அறிய வேறு இரு அலைநீளங்களையும் பார்ப்பார்கள். புரதம் 280-ல் உறிஞ்சும். 260-ன் அளவை 280-ன் அளவால் வகுத்தால் சுத்தமான டி.என்.ஏ.வுக்கு 1.8 வரும், குறைந்தால் புரதமோ ஃபீனாலோ மிச்சமிருக்கிறது. 230-ல் குவானிடின் போன்ற உப்புகள் தம்மைக் காட்டிக்கொடுக்கும். 260-ன் அளவை 230-ன் அளவால் வகுத்த விகிதம் இரண்டுக்குக் கீழே போனால் கழுவல் போதவில்லை. ஆனால் விகிதம் 1.8 என்பதாலேயே எல்லாம் சரி என்று ஆகிவிடாது. ஆர்.என்.ஏ.யின் விகிதம் 2.0, மிக அருகில். ஆகவே இன்னொரு வழி: இரட்டை இழைக்குள் போய் அமர்ந்தால் மட்டும் ஒளிரும் சாயங்கள். கரைசலில் தனியே இருக்கும்போது மங்கிக் கிடக்கும், டி.என்.ஏ.வைப் பற்றியதும் ஒளி ஆயிரம் மடங்கு வரை கூடும். ஆர்.என்.ஏ.வை இது பெரும்பாலும் பொருட்படுத்தாது. புறஊதாவும் சாயமும் ஒரே எண்ணைச் சொன்னால் நிம்மதி.

அதன்பின் ஜெல். கடற்பாசியிலிருந்து எடுத்த அகரோஸைக் காய்ச்சி உறையவைத்த பலகையில் குழி வெட்டி, டி.என்.ஏ.வை இட்டு மின்சாரம் பாய்ச்சினால், சிறு துண்டுகள் ஓடும், பெரியவை பின்தங்கும். அறாத டி.என்.ஏ. குழியின் அருகே ஒரே பட்டையாக நிற்கும். சிதைந்தது புகைபோல நெடுக இழுவிக் கிடக்கும். நூறு மைக்ரோகிராம் என்ற எண் முழுநூலுக்கும் கந்தலுக்கும் ஒன்றுதான். ஜெல்தான் வேறுபாட்டைக் காட்டும்.

அளவின் அருமைக்கு இன்னொரு சாட்சி எர்வின் சார்காஃப். நான்கு எழுத்துகளும் சம அளவில் இருக்கும், ஆகவே டி.என்.ஏ. சுவாரஸ்யமற்ற பொருள் என்று பலர் நம்பிய காலத்தில், கொலம்பியா பல்கலைக்கழகத்தில் அவர் எழுத்துகளைத் தாளில் தனித்தனியே பிரித்து, ஒவ்வொன்றையும் புறஊதா ஒளியால் அளந்தார். உயிரினத்துக்கு உயிரினம் விகிதம் மாறியது. ஆனால் எங்கும் அடினின் அளவும் தைமின் அளவும் ஒன்று, குவானின் அளவும் சைட்டோசின் அளவும் ஒன்று. இரட்டைச் சுருளில் எழுத்துகள் ஜோடி சேர்கின்றன என்ற எண்ணத்துக்கு அளவுகோல் போட்ட அடித்தளம் அது.

எவ்வளவு, எவ்வளவு சுத்தம், எவ்வளவு முழுமை என்று பார்த்தாயிற்று. இன்னும் ஒரு கேள்வி மிச்சம்: இது யாருடையது?

ஹீலா செல்கள் ஹென்ரியட்டா லாக்ஸ் என்ற கறுப்பினப் பெண்ணின் கருப்பைவாய்ப் புற்றிலிருந்து வந்தவை. 1951-ல் பால்டிமோரின் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனையில், அவரிடம் கேட்காமலே எடுத்தார்கள். அதே ஆண்டு அக்டோபரில், 31 வயதில் அவர் இறந்தார். செல்கள் சாகவில்லை. அவை எவ்வளவு வீரியமானவை என்றால், ஒரு துளி தெறித்துப் பக்கத்துக் குப்பியில் விழுந்தால் போதும், அங்கிருந்த செல்களை ஓரங்கட்டிவிட்டு நிரம்பிவிடும். 1966-ல் ஸ்டான்லி கார்ட்லர் என்ற மரபியலாளர், வெவ்வேறு மனிதர்களிடமிருந்து வந்தவை என்று கருதப்பட்ட 18 செல் வரிசைகளைச் சோதித்து, எல்லாவற்றிலும் ஒரு நொதியின் ஒரே வகை இருப்பதைச் சொன்னார்; ஆப்பிரிக்க வழியினரிடம் காணப்படும் வகை அது. எல்லாம் ஹீலாவாக இருக்கவே வாய்ப்பு என்றார். ஆய்வாளர்கள் பலர் கோபப்பட்டார்கள். அவர் சொன்னதே உண்மையானது.

இன்று அந்தச் சந்தேகத்தைத் தீர்ப்பது நாம் பிரித்தெடுத்த இதே டி.என்.ஏ.தான். நாலைந்து எழுத்துகள் திரும்பத் திரும்ப வரும் இடங்கள் நம் மரபணுத் தொகுப்பில் பல உண்டு. எத்தனை முறை என்பது ஆளுக்கு ஆள் மாறும். பத்துப் பதினைந்து இடங்களை எண்ணினால் அது கைரேகைபோல. இதற்கு ஒருசில நானோகிராம் டி.என்.ஏ. போதும், நம் குழாயில் அதைப்போலப் பல்லாயிரம் மடங்கு இருக்கிறது. பெயர் மாறிப்போன செல் வரிசைகளின் சர்வதேசப் பட்டியலில் ஐநூறுக்கும் மேற்பட்ட பெயர்கள் உள்ளன. ஹீலாவின் முழு மரபணு வரிசையை 2013-ல் குடும்பத்தாரைக் கேட்காமல் வெளியிட்டு, எதிர்ப்பு எழுந்தபின், லாக்ஸ் குடும்பத்தினரும் இடம்பெற்ற குழுவின் அனுமதியோடுதான் பார்க்கலாம் என்று முடிவாயிற்று. அறுபத்திரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு முதல்முறையாகக் கேட்டார்கள்.

மீஷர் பின்னர் சொந்த ஊரான பாசலுக்குத் திரும்பி, ரைன் ஆற்றின் சால்மன் மீன்களின் விந்திலிருந்து நியூக்ளின் எடுத்தார். பொருள் சிதையாமலிருக்கக் குளிர்காலத்தில், சூடேற்றாத அறையில் வேலை செய்தார். 1895-ல் காசநோயால் இறந்தார். அவர் தயாரித்த நியூக்ளின், மங்கிய பழுப்புப் பொடியாக, ஒரு கண்ணாடிக் குழாயில் ட்யூபிங்கன் பல்கலைக்கழகத்தில் இன்றும் இருக்கிறது. அதன் சீட்டில் மூன்று செய்திகள்: பொருள் நியூக்ளின், எடுத்த இடம் சால்மன் விந்து, எடுத்தவர் மீஷர்.